ஜெபா வாய் திறக்கும் வரை

நெமிலிச்சேரி
26.11.2024

ஸ்வீட்லினுக்கு, ஞானகுமாரி டீச்சர் எழுதுவது.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். இரண்டு நாள் போன் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேப்பரை எடுத்தேன். இதை ஆட்டோ துலுக்கானம் அண்ணன் கொண்டுவந்து தருவார். ஜெபாவைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவரும் அவர்தான், ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து மேனாம்பேட்டுக்கு என்னை ஏற்றிவருகிறவரும் அவர்தான். "இன்னாமா, ஒரே கோயிலுக்குப் போறீங்க, நடுவுல நான் இன்னா போஸ்ட்மேனா?" என்று கேட்டார். கேட்டாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததை நான் மறக்க மாட்டேன். ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் டீ குடித்துக்கொண்டு நிற்கையில் என் மிட்டாய் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாய். "நீங்க எம் பிள்ளைக்கு வசனமா சொல்லிக் குடுத்தீங்க? பல்லுல புழுவையில்லா வச்சுக் குடுத்தீங்க" என்றாய். மிட்டாயெல்லாம் பெஞ்சுக்கு அடியில் உருண்டது. நான்தான் குனிந்து பொறுக்கினேன். ஒருத்தர்கூட உதவிக்கு வரவில்லை.

பதினாறு வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். ஒரு வசனம் மனப்பாடமாகச் சொன்னால் ஒரு மிட்டாய். இது நான் கொண்டுவந்த வழக்கமில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். உன் ஜெபா ஒவ்வொரு வாரமும் நாலு வசனம், ஐந்து வசனம் சொல்வாள். இந்த மாதம் ஒன்பதாம் தேதி வசனப் போட்டியில் பன்னிரண்டு சொல்லி முதல் பரிசு வாங்கினாளே, அன்று மேடைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்தது யார்?

மறுநாள் அவள் முகம் வீங்கியதும், ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததும், இரண்டு பல் எடுத்ததும் கேட்டு நான் அழுதேன். நம்பினால் நம்பு. ஆனால் மற்ற இருபது பிள்ளைகளுக்கும் அதே டப்பாதான்.

நீ நாகர்கோவிலிலிருந்து வந்த புதிதில், கைக்குழந்தையோடு யாரையும் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான்தான் வந்து பேசினேன். அந்த ஒன்றுக்காகவாவது ஜெபாவை ஒருமுறை பார்க்க விடு.

ஞானகுமாரி


மேனாம்பேடு
29.11.2024

டீச்சருக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நடந்தது என்னவென்று உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜெபாவுக்குக் கீழ்த்தாடையில் இடது பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் வேர்வரை சொத்தை. சீழ் கட்டி, கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. ஒருநாள் தாமதித்திருந்தால் மூச்சுக்குழாயை அமுக்கியிருக்கும் என்றார்கள். முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தார்கள். மயக்கம் தெளிகிற நேரத்தில் அவளுக்கு மூச்சு விட முடியவில்லை. உதடு நீலமாகிவிட்டது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடத்தில் நான் என்னென்ன பொருத்தனை பண்ணினேன் என்று எனக்கே நினைவில்லை.

இது முடிந்துபோன கதையும் இல்லை. வலது பக்கம் இன்னொரு பல்லில் பெரிய ஓட்டை இருக்கிறது. அதற்குப் பின்னால் ஆறு வயதில் வருகிற பல் முளைக்கப்போகிறது. அது விழுந்து முளைக்காது, ஆயுசுக்கும் அதுதான். பல் டாக்டர் கனிமொழி சொன்னது இது: வாயைச் சுத்தமாக வைத்து, ஜெபா தானாக வாய் திறந்து ஒத்துழைத்தால், அந்தப் பல்லை மரத்துப்போகிற ஊசியோடு உட்காரவைத்தே பார்த்துவிடலாம். இல்லையென்றால் மறுபடி முழு மயக்கம். ஜனவரி 11 வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

ஜெபா வாயே திறக்க மாட்டேன் என்கிறாள். பிரஷ்ஷைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சோறுகூட உதட்டோரமாகத்தான் போகிறது. பேச்சு பாதியாகிவிட்டது. வசனம் ஒன்றுகூடச் சொல்வதில்லை. "வாயத் திற மக்களே" என்று நான் கெஞ்சுகிறேன், அலெக்ஸ் அப்பாவாக அதட்டிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு மிட்டாய் என்று எழுதியிருக்கிறீர்கள். வாரம் ஐந்து. அதை அவள் மென்று விழுங்க மாட்டாள், ஆராதனை முடிகிறவரை அதக்கி வைத்திருப்பாள். உங்கள் கண் எதிரில்தான்.

தயவுசெய்து வர வேண்டாம். துலுக்கானம் அண்ணனிடம் எதுவும் கொடுத்துவிடவும் வேண்டாம்.

ஸ்வீட்லின் அலெக்ஸ்


நெமிலிச்சேரி
4.12.2024

ஸ்வீட்லினுக்கு,

ஐந்து வருஷமாக அக்கா என்றவர்கள் இப்போது டீச்சர் என்று எழுதுகிறீர்கள். சரி. நானும் நீங்கள் என்றே எழுதுகிறேன்.

உதடு நீலமாகிப்போனது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை ரயிலில் நின்றபடி படித்தேன், இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

மிட்டாயை நிறுத்திவிட்டேன். போன வாரம் டப்பா இல்லாமல் போனேன். அபிஷேக் என்கிற பயல், "அப்ப வசனம் எதுக்கு டீச்சர்?" என்று கேட்டான். பதினாறு வருஷம் நான் எதைச் சொல்லிக்கொடுத்தேன் என்று அந்தக் கேள்வியிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை செய்கிற தையல் கம்பெனிக்குப் பல் மருத்துவ முகாம் வந்தது. நூறு பெண்கள் வரிசையில் நின்றோம். என் முறை வந்ததும் என் வாயைக் காட்டவில்லை, ஜெபாவைப் பற்றித்தான் கேட்டேன். அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கைக்குப் பல் தேய்க்கிற பக்குவம் வராதாம். பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டுமாம். பிள்ளையின் தலையை மடியில் வைத்து, மேலிருந்து வாயைப் பார்த்தபடி, பட்டாணியளவு பேஸ்ட்டோடு, காலையும் இரவும். இரவு தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கூடாதாம்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளுங்கள், எழுதத்தான் போகிறேன். "எங்க ஜெபா மூணு வயசுலயே தானா பிரஷ் பண்ணிக்குவா, என்னைத் தேடவே மாட்டா" என்று சபையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னது நீங்கள்தான். வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளை என்னிடம் இருந்தாள். மற்ற நேரமெல்லாம் யாரிடம் இருந்தாள்? எல்லாப் பழியையும் தூக்கி என் டப்பாவில் போட்டால் உங்களுக்கு மனசு லேசாகிவிடுமா?

ஞானகுமாரி


மேனாம்பேடு
10.12.2024

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதைக் கிழித்துப்போட்டுவிட்டு வீட்டைப் பெருக்கினேன். பெருக்கிய குப்பையிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி மறுபடி படித்தேன்.

ஆமாம். ஏழு பத்துக்கு ஆபீஸ் கேப் வாசலில் ஹார்ன் அடிக்கும். ஜெபா தானாகப் பிரஷ்ஷை வாயில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்துத் துப்பிவிட்டு "முடிஞ்சுது" என்பாள். அந்த மூன்று நிமிடம் எனக்கு மிச்சமாகும். அதைத்தான் சமர்த்து என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். ஜூலையில் பள்ளிக்கூடத்தில் பரிசோதனை நடந்தது. பல் டாக்டரிடம் காட்டவும் என்று ஒரு சீட்டு டைரியில் ஒட்டி வந்தது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பால் பல்தானே, எப்படியும் விழுந்து முளைக்கும் என்று நினைத்தேன். பல்லில் கறுப்பு தெரிந்தபோதும், டானிக் கொடுக்கிறோமே, இரும்புச்சத்து மருந்தின் கறையாக இருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். அலெக்ஸுக்கு இந்தச் சீட்டு விஷயம் இன்னும் தெரியாது. நீங்கள்தான் முதல் ஆள். ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை. ஒருவேளை உங்கள் மேல் எனக்குக் கோபம் இருப்பதால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ.

இப்போது நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்.

நேற்றுக் குளிப்பாட்டும்போது ஜெபா பேசினாள். வாயைப் பொத்தின விரல்களுக்கு இடையிலிருந்துதான் பேசினாள். "நான் ஏமாத்துனேன்மா. அதான் இயேசப்பா பல்ல எடுத்துட்டாரு. வாயத் திறந்தா பாத்துருவாரு. மிச்சத்தையும் எடுத்துருவாரு."

இப்படி நாங்கள் யாரும் அவளிடம் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பேச மாட்டோம். டாக்டரம்மா சொன்னாலும் நம்ப மாட்டாள், நான் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறாள். "உனக்குத் தெரியாதும்மா" என்கிறாள்.

நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள்?

ஸ்வீட்லின்


நெமிலிச்சேரி
12.12.2024

ஸ்வீட்லின்,

சண்டைக்கு நீங்கள், வாங்கள் என்று எழுதலாம். இதை அப்படி எழுத எனக்கு வராது. நீ என்றே எழுதுகிறேன்.

செப்டம்பர் மாதம். ஜெபா முந்தின வாரம் சொன்ன வசனத்தையே மறுபடி சொல்லி இரண்டாவது மிட்டாய் வாங்கப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கன்னத்தைக் கிள்ளி, "ஏமாத்துற வாய இயேசப்பா பாத்துகினே கீறாரு, ஜாக்கிரதை" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். மற்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். ஜெபா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

இதோடு நிறுத்தினால் நீ என்னை மன்னித்தாலும் மன்னித்துவிடுவாய். அதனால்தான் நிறுத்தக் கூடாது என்று மிச்சத்தையும் எழுதுகிறேன்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் ஜெபா என்னிடம் வந்து, "டீச்சர், பல்லு வலிக்குது" என்றாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஈறு சிவந்து பொங்கியிருந்தது. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ பத்தடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாய். சொன்னால் ஆஸ்பத்திரி, மருந்து என்று ஒத்திகைக்கு அனுப்ப மாட்டாய் என்று நினைத்தேன். நம் சபைக்கு ஒன்பது வருஷமாகப் பரிசு வரவில்லை. இந்தப் பிள்ளையை விட்டால் பன்னிரண்டு வசனம் சொல்ல வேறு ஆள் இல்லை. ஒரு கிராம்பைக் கடித்துக்கொள்ளக் கொடுத்தேன். "போட்டி முடியட்டும், அப்புறம் அம்மாகிட்ட சொல்லலாம், இன்னா?" என்றேன். அவள் தலையாட்டினாள். அடுத்த வாரமும் கிராம்பு கொடுத்தேன். அதற்கு அடுத்த வாரமும்.

நீ டப்பாவைக் கவிழ்த்தபோது நான் ஏன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை என்று சபையில் ஆச்சரியப்பட்டார்கள். கிராம்பு விஷயம் உனக்குத் தெரிந்துதான் செய்கிறாய் என்று நினைத்தேன். தெரியாது என்று புரிந்ததும், வெட்கமில்லாமல் வீட்டுக்கு வந்து உனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன்.

ஆயரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி நான் வகுப்பு எடுக்கவில்லை. பிள்ளைகளை நம் சபை இக்னேஷியஸ் பார்த்துக்கொள்வார்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஜெபா மனசில் அதைப் போட்டவள் நான். "உனக்குத் தெரியாதும்மா" என்று அவள் சொல்வது ஏனென்றால், சொன்னது டீச்சர். அதை எடுக்கவும் டீச்சர்தான் வர வேண்டியிருக்கும். அரை மணி நேரம் கொடு. அதற்குப் பிறகு நீ என் முகத்தில் முழிக்கவே வேண்டாம்.

ஞானகுமாரி


மேனாம்பேடு
19.12.2024

ஒரு வாரமாக எழுத முடியவில்லை.

மூன்று வாரம். என் பிள்ளை வலியை மென்றுகொண்டு உங்களுக்கு வசனம் சொல்லியிருக்கிறாள். அதை நான் கீழே நின்று போட்டோ எடுத்திருக்கிறேன். அந்தப் போட்டோவை நேற்றுப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கன்னம் லேசாக உப்பித்தான் இருக்கிறது. பெற்றவள் கண்ணுக்கும் அன்று தெரியவில்லை.

சீட்டு விஷயத்தை அலெக்ஸிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய்ப் பால்கனியில் நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்களை மன்னிக்க எனக்கு வரவில்லை. வரவழைக்கவும் முடியவில்லை. ஆனால் ஜனவரி 11க்கு இருபத்துமூன்று நாள்தான் இருக்கிறது. அந்தக் கதவு மறுபடி சாத்தப்படுவதை என்னால் பார்க்க முடியாது.

சனிக்கிழமை நாலு மணிக்கு வாருங்கள். மிட்டாய், பொம்மை எதுவும் வேண்டாம். வாயைத் திற என்று சொல்லக் கூடாது. நான் பக்கத்து அறையில் இருப்பேன்.

ஸ்வீட்லின்


நெமிலிச்சேரி
22.12.2024

ஸ்வீட்லின்,

நேற்று நீ கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு அந்தப் பக்கம் நின்றாய். நிழல் தெரிந்தது. கேட்டிருப்பாய். ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்றுதான் பேசினோம், பாதி காதில் விழுந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

சோபா மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். "ஜெபா, டீச்சர் உன்னாண்ட தப்பா சொல்லிட்டேன் கண்ணு. இயேசப்பா யாரு பல்லையும் எடுக்க மாட்டாரு. மிட்டாய் பல்லுல ஒட்டிகினு இருந்துது, யாரும் தேய்ச்சு எடுக்கல, அதான் ஓட்டை வுழுந்துது" என்றேன். அவள் என்னை நம்பவில்லை. பிள்ளைகள் நம்பாதபோது நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அதைச் செய்தேன். வரும்போது நினைத்து வரவில்லை. எனக்கு மேல்வரிசையில் ஐந்து பல் கட்டின பல். உனக்குத் தெரியாது, சபையில் யாருக்கும் தெரியாது. நான் சிரிக்கும்போது ஏன் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகிறேன் என்று ஒருமுறை நீ கேட்டாய், பழக்கம் என்றேன். நானும் ஒரு காலத்தில் வாரம் ஐந்து மிட்டாய் வாங்கின கெட்டிக்காரிதான். இருபத்திரண்டு வயதில் பெண் பார்க்க வந்தவர்கள் நான் சிரித்ததும் எழுந்து போனார்கள். அதற்கப்புறம் கட்டிக்கொண்ட பல் இது.

கைக்குட்டையை விரித்து, பல்செட்டைக் கழற்றி அதன்மேல் வைத்தேன். வாயைத் திறந்து காட்டினேன்.

ஜெபா இறங்கி வந்தாள். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டாள், எடுத்தது அவளுக்கே தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என் காதோரம் வந்து, "உங்களையும் இயேசப்பா தண்டிச்சாரா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு. எனக்கு யாரும் தேய்ச்சு வுடல" என்றேன்.

"வலிச்சுதா?"

"ரொம்ப."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல. பயம். உன்னையும் சொல்ல வேணாம்னு சொன்னேன் பாரு, அது டீச்சர் பண்ண பெரிய தப்பு. இனிமே யாரு சொல்ல வேணாம்னு சொன்னாலும் நீ அம்மாகிட்ட சொல்லணும்."

அவ்வளவுதான் நடந்தது. வாயைத் திற என்று நான் சொல்லவில்லை. பல்செட்டைக் கழுவக் குழாய்க்குப் போனபோது பின்னாலேயே வந்து நின்று பார்த்தாள். நீ கதவைத் திறந்து வந்து டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாய். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொன்னேன். அழுகை வந்துவிட்டது, அதனால்தான்.

பதினொன்றாம் தேதி என்ன ஆயிற்று என்று ஒரு வரி மட்டும் எழுது. அன்றைக்கு நான் வேலைக்குப் போகப்போவதில்லை.

ஞானகுமாரி


மேனாம்பேடு
11.1.2025

அக்கா,

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். துலுக்கானம் அண்ணன் கீழே ஆட்டோவை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார். "டீச்சரம்மா காலைலேர்ந்து ஸ்டேஷனாண்டயே குந்திகினு கீது, சீக்கிரம் எய்திக் குடும்மா" என்கிறார்.

நீங்கள் வந்துபோன மூன்றாம் நாள், கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம், கேக்குக்கு முந்திரி உடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஜெபா பிரஷ்ஷும் பேஸ்ட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். என் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். "எனக்குத் தேய்ச்சு விடும்மா" என்றாள். முதல்நாள் முன்பல் மட்டும் காட்டினாள். மறுநாள் கொஞ்சம் உள்ளே விட்டாள். புது வருஷத்துக்கு முழு வாயும் திறந்துவிட்டாள். காலையும் இரவும் மேலே கீழே உள்ளே வெளியே என்று ஒவ்வொரு பல்லாகத் தேய்க்கிறேன். அவள் வாயை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை அக்கா. ஐந்து வருஷம் அந்த வாய்க்குச் சோறு ஊட்டியிருக்கிறேன், முத்தம் கொடுத்திருக்கிறேன், உள்ளே பார்த்ததில்லை. காலையில் வருகிற ஆபீஸ் கேப்பை ஏழே முக்காலுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டேன்.

இன்று டாக்டரம்மா நாற்காலியில் தானாக ஏறினாள். ஊசி போடும்போது என் விரலை நெரித்தாள், ஆனால் வாயை மூடவில்லை. அந்த மூன்றாவது பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. ஓட்டை ரொம்ப ஆழம், எடுத்துவிட்டார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. கதவு சாத்தவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

எடுத்து முடித்ததும் டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை வைத்து ஜெபாவுக்குக் காட்டினார். கடைசியில், ஈறைக் கிழித்துக்கொண்டு, ஆறு வயதுப் பல் ஒரு நுனி வெளியே வந்திருக்கிறது. வெள்ளையாக இருக்கிறது. கறுப்பு இல்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். "அழாதம்மா, இதை நீ தேய்ச்சு விடுவல்ல" என்றாள், பஞ்சைக் கடித்துக்கொண்டே.

மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். கிராம்பு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் இன்னும் நெஞ்சு எரிகிறது. சீட்டு ஒட்டின பள்ளி டைரியைத் திறக்கும்போதும் அதே எரிச்சல்தான். இரண்டும் எனக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று ஜெபா சொல்லிவிட்டாள், இதோடு ஒன்று கொடுத்துவிட வேண்டுமாம். கவரில் இருக்கிற சின்னப் பிரஷ் அவள் வாங்கச் சொன்னது. நாளைக்கு நீங்கள் வகுப்புக்கு வர வேண்டுமாம். மிட்டாய் வேண்டாமாம். வசனம் அவளாகச் சொல்கிறவரை கேட்கக் கூடாதாம். எல்லாரும் போனபிறகு நீங்கள் அவள் மடியில் தலை வைத்துப் படுக்க வேண்டுமாம்.

உங்களுக்கு யாரும் தேய்த்துவிடவில்லையே, அவள் தேய்த்துவிடுவாளாம்.

ஸ்வீட்லின்